கல் உடையும் சத்தத்தில் பிறந்த ஒரு சொல்

1/
மக்களே, இன்னைக்கு மருந்து மாத்திரை பற்றி இல்லை. ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லோட கதை. ஆனா கதை நுரையீரலில் போய்த்தான் முடியும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

2/
ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டுன்னு ஒரு கிராமம். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போறவங்களுக்கு அந்தப் பக்கம் பழக்கமா இருக்கும். எங்கே திரும்பினாலும் கார் கம்பெனி, டயர் கம்பெனி, உதிரிபாகக் கம்பெனி. அந்த வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது.

3/
அங்கே 2,000 வருஷத்துக்கு முந்தைய சங்க காலத் தடயங்கள் கிடைச்சது. பானை ஓடுகள், மணிகள், தங்க அணிகலன், ரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டுகள். அதையெல்லாம் விடப் பழையதாகக் கல்லாயுதங்களும் கிடைச்சது. சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னாடி இங்கே கல்லாயுதம் செய்யும் பட்டறை இருந்திருக்குன்னு அகழாய்வு செய்தவர்கள் அறிவித்தார்கள்.

4/
இதைப் பற்றி இங்கிலீஷில் தேடி வாசிச்சப்பதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. எழுத்து கே, என், ஏ, பி. உச்சரிப்பு 'நாப்'. நாப்கின்ல வர்ற அதே நாப். குட்டித் தூக்கத்துக்குச் சொல்ற நாப் தெரியும். ஆனா இதில் முன்னாடி ஒரு 'கே' ஒட்டிக்கிட்டு நிக்குது. அச்சுப்பிழைன்னுதான் முதலில் நினைச்சேன். அகராதியைப் புரட்டின பிறகுதான் என் அறியாமை புரிஞ்சது.

5/
அந்த 'நாப்' ஒரு வினைச்சொல். ஒரு கல்லை இன்னொரு கல்லால் தட்டி, சில்லு சில்லாப் பெயர்த்து, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு வர்றது. சும்மா போட்டு உடைக்கிறது இல்லை. எங்கே அடிச்சா எப்படிப் பெயரும்னு தெரிஞ்சு அடிக்கிறது. அந்த வேலையைச் செய்றவர் 'நாப்பர்'.

6/
சொல்லோட பிறப்பு இன்னும் சுவாரசியம். 'கா கா'ன்னு கத்துறதால காக்கா, 'பட்'டுன்னு வெடிக்கிறதால பட்டாசுன்னு நாம சொல்லுவோம் இல்லையா? அதே மாதிரி சத்தத்தைப் பார்த்து உண்டான சொல் இது. ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷிலேயே இருக்கு. டச்சு, ஜெர்மன் மொழிகளிலும் இதோட உறவுக்காரச் சொற்கள் உண்டு. எல்லாத்துக்கும் பொருள் 'முறி', 'படக்குனு உடை', 'கடி' என்கிற மாதிரிதான்.

7/
அப்போ அந்த 'கே' ஏன் சும்மா நிக்குது? அந்தக் காலத்தில் அது சும்மா நிக்கலை. 'க்னாப்' என்றே சொன்னார்கள். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', முழங்காலைக் குறிக்கும் 'நீ' எல்லாத்துக்கும் முன்னாடி 'க்' ஒலி இருந்தது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த ஒலி தேய ஆரம்பிச்சு, பிறகு மறைஞ்சே போச்சு. இப்போ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: 'க்னாப்'. கல் மேல கல் படுற சத்தம் கேக்குதா? எழுத்தில் மிச்சம் இருப்பது அந்தச் சத்தத்தோட அடையாளம்தான்.

8/
ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் இஞ்சியைக் கடிப்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கார். சிப்பாய்கள் முதுகில் மாட்டும் பைக்கு 'நாப்சாக்'னு பேர். அது டச்சு, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்த சொல். கடிச்சுத் தின்ன எதையாவது போட்டு வைக்கும் பைங்கிறதால அந்தப் பேர்னு சொல்றாங்க. இப்படிப் பரவலா இருந்த வினைச்சொல் மெல்ல மெல்லச் சுருங்கி, இன்னைக்குக் கல் வேலைக்கு மட்டும் மிஞ்சி நிக்குது.

9/
தமிழில் இதுக்கு என்ன சொல்? எனக்கு உடனே ஞாபகம் வந்தது தெருவில் கேட்ட குரல். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!" நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கிறவங்க கேட்டிருப்பீங்க. தேய்ஞ்ச அம்மியை உளி வச்சுக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருவாங்க. சில ஊர்களில் அதையே 'அம்மி பொளியிறது'ன்னு சொல்வாங்க. கொத்து, பொளி, செதுக்கு, சில்லெடுன்னு கல்லுக்கு நம்மகிட்டயும் வினைகளுக்குப் பஞ்சமில்லை.

10/
ஆனா நாப்பிங்கில் உளி கிடையாது. இரும்பே கண்டுபிடிக்காத காலம். ஒரு கையில் செதுக்க வேண்டிய கல், இன்னொரு கையில் உருண்டையான சுத்தியல் கல். அவ்வளவுதான் கருவி. மிச்சம் எல்லாம் கை நிதானமும் கண் கணக்கும்.

11/
தடிமனான கண்ணாடியின் ஓரத்தில் அடிபட்டா, கிளிஞ்சல் மாதிரி வளைஞ்சு ஒரு சில்லு பெயரும், பார்த்திருப்பீங்க. சிக்கிமுக்கிக் கல், குவார்ட்சைட் போன்ற கற்களும் இப்படித்தான் உடையும். இந்த முறிவுக்கு இங்கிலீஷில் வச்ச பேரே கிளிஞ்சலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம 'சங்கு'ம் அந்தச் சொல்லும் ஒரே வேர்.

12/
அடிக்கிற விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குக் குறைவா இருக்கணும். விளிம்புக்கு ரொம்ப உள்ளே அடிச்சா கல் பெயராது, கைதான் அதிரும். ரொம்ப ஓரத்தில் அடிச்சா பொடிதான் மிஞ்சும். சரியா விழுந்த அடியில் அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பும், குளத்தில் கல் எறிஞ்ச மாதிரி அலை வரிகளும் சில்லில் பதிஞ்சிடும். தானா உடைஞ்ச கல்லையும் மனுஷன் உடைச்ச கல்லையும் பிரிச்சறிய இந்தத் தடயங்கள்தான் உதவுது.

13/
சரி, ஒரு இடம் பட்டறைன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? தச்சுப் பட்டறையில் என்ன கிடக்கும்? மரச்சீவல். அதே மாதிரிதான். செய்து முடிச்ச ஆயுதத்தை எடுத்துட்டுப் போயிருப்பான். கழிவுச் சில்லுகள், சில்லெடுத்து முடிச்ச மூலக்கல், பாதியில் உடைஞ்சு தூக்கி எறிஞ்சது எல்லாம் அங்கேயே கிடக்கும். ஆயுதத்தை விடக் குப்பைதான் அதிகம் பேசும்.

14/
இந்தக் கதை நம்ம பக்கத்தில் 1863-ல் தொடங்குது. மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடல் பக்கம் ஒரு செம்மண் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். இரண்டு பக்கமும் செதுக்கின கைக்கோடாரி. இந்தியாவில் பழைய கற்காலத்தை அடையாளம் காட்டிய முதல் கல் அது.

15/
அந்தச் சரளையை எத்தனை பேர் மிதிச்சு நடந்திருப்பாங்க! வேலைக்குக் கல் அள்ளினவங்க கையிலும் இது மாதிரி எத்தனையோ வந்திருக்கும். ஃபூட்டுக்கு மட்டும் ஏன் தெரிஞ்சது? நாலு வருஷம் முன்னாடி, 1859-ல்தான் பிரான்ஸின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைச்ச இதே மாதிரி கற்கள் மனுஷன் செய்தவைதான், மிகப் பழையவைதான்னு இங்கிலீஷ் அறிஞர்கள் ஏத்துக்கிட்டாங்க. ஃபூட்டுக்கு அந்தச் செய்தி தெரியும். மனசில் பேர் இருந்ததால கண்ணில் பொருள் பட்டது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

16/
அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. அங்கே பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் வருஷக்கணக்கா அகழாய்வு செய்தாங்க. அங்குள்ள கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவைன்னு 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஆமாம், 15 லட்சம். நம்ம இனமே தோன்றாத காலத்தில் இங்கே யாரோ உட்கார்ந்து கல் செதுக்கியிருக்காங்க.

17/
ஒரே மாதிரி செய்யப்பட்ட கல்லாயுதத் தொகுதியைத் தொல்லியலில் 'இண்டஸ்ட்ரி'ன்னு சொல்வாங்க. நம்ம பக்கத்துக் கைக்கோடாரிகளுக்குச் சென்னையின் பழைய பேரை வச்சு 'மதராஸ்' மரபுன்னே பேர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் இண்டஸ்ட்ரி ஏரியாவா மாறினது நேத்துன்னு நினைக்கிறோம். வடக்குப்பட்டில் முதல் இண்டஸ்ட்ரி 12,000 வருஷத்துக்கு முன்னாடியே ஓடியிருக்கு.

18/
இப்போ கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போவோம், ஏன்னா இந்த வினைச்சொல்லைத் தொழிலாகவே வச்சிருந்த ஊர் அங்கேதான் இருக்கு. சஃபோக் மாவட்டத்தில் பிராண்டன். பக்கத்திலேயே கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்கிற புதிய கற்காலச் சுரங்கம். நானூறுக்கும் மேற்பட்ட குழிகள். நாலாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி மான் கொம்பால் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டிச் சிக்கிமுக்கிக் கல் எடுத்திருக்காங்க.

19/
அந்தக் கல்லுக்குத் துப்பாக்கி மறுவாழ்வு கொடுத்தது. பழைய துப்பாக்கியில் விசையை இழுத்தா, சின்னச் சிக்கிமுக்கிக் கல் துண்டு எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி தரும். அதில் மருந்து பத்தும். நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படைக்கு அந்தத் துண்டுகளைச் செதுக்கித் தந்த முக்கியமான ஊர் பிராண்டன். அப்பன், பிள்ளை, பேரன்னு பரம்பரையா நாப்பர்கள்.

20/
1840-கள் வாக்கில் வேறு வகைத் துப்பாக்கி வந்து ராணுவத் தேவை படுத்துடுச்சு. ஏற்றுமதியை நம்பிக் கொஞ்சம் பேர் தொழிலை விடாம செய்தாங்க. வேலை எங்கே நடந்தது? பெரும்பாலும் சின்னக் கொட்டகைகளில். நாளெல்லாம் தட்டத் தட்ட வெள்ளைத் தூசி. இனிமே என் துறைக்கு வரேன்.

21/
1915-ல் எட்கர் காலிஸ் என்கிற மருத்துவர் லண்டனில் தொழில்தூசி நோய்கள் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதில் பிராண்டன் நாப்பர்களும் வர்றாங்க. ஊரில் மற்றவர்களை விட அவங்க நுரையீரல் நோயில் அதிகமாச் செத்தாங்க. அந்த நோய்க்கு இன்னைக்கு நாம சொல்ற பேர் சிலிக்கோசிஸ்.

22/
இப்போ இந்தப் பேரைப் பிரிச்சுப் பாருங்க. 1870-ல் விஸ்கான்டி என்கிற இத்தாலிய மருத்துவர் வச்ச பேர் இது. லத்தீனில் 'சிலெக்ஸ்'. பொருள் என்ன தெரியுமா? சிக்கிமுக்கிக் கல்! மருத்துவக் கல்லூரியில் இந்தச் சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். அதுக்குள்ளே ஒரு கல் இருக்குன்னு, நாப்பிங் பற்றித் தேடின அன்னைக்குத்தான் தெரிஞ்சது. சொல்லும் நோயும் ஒரே கல்லில் பிறந்தவை.

23/
என்ன நடக்குதுன்னு எளிமையாச் சொல்றேன். கல்லில் இருக்கும் சிலிக்கா நுண்தூளாகும்போது, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் அடிவரைக்கும் போயிடும். கண்ணுக்குத் தெரியுற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்னுடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான்.

24/
அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் துகளை விழுங்கும். கிருமின்னா செரிச்சிடும். கல்லைச் செரிக்க முடியுமா? விழுங்கின செல் செத்துப் போகும், துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். இப்படியே சுத்திச் சுத்தி நடந்து அந்த இடம் தழும்பாகிடும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் முடிச்சு முடிச்சா இறுகிடும். புதுசா உடைஞ்ச சிலிக்காத் துகள், பழைய துகளை விட அதிகமாக் குத்திக் கிளறும். 'நாப்' என்கிற வினை ஒவ்வொரு அடியிலும் உண்டாக்குறது அந்தப் புதுத் துகளைத்தான்.

25/
தழும்பானது ஆனதுதான். அதைத் திரும்பப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முத்தலாம். கூடவே டிபி வரும் ஆபத்தும் பல மடங்கு. எக்ஸ்ரேயில் இரண்டும் மேல் நுரையீரலில் நிழல் காட்டும். அதனால சிலிக்கோசிஸை டிபின்னு நினைச்சு மருந்து கொடுக்கிறது இன்னைக்கும் நடக்குது.

26/
என் அனுபவம் ஒண்ணு. நாற்பதைத் தாண்டின ஒருத்தர். இருமல், மூச்சிரைப்பு. ஏற்கனவே இரண்டு தடவை டிபி மருந்து முழுசாச் சாப்பிட்டவர். சளியில் கிருமி ஒருதடவையும் வரலை. ஃபைலில் வயசு, எடை, பீடி, குடி எல்லாம் இருந்தது. வேலைன்னு போட்ட இடத்தில் ஒரே சொல்: கூலி.

"என்ன கூலிங்க?"
"கிரஷர்ல சார். ஜல்லி உடைக்கிற இடம். பன்னெண்டு வருஷம்."

27/
அவர் எதையும் மறைக்கலை. யாரும் கேட்கலை, அவ்வளவுதான். இதைச் சொல்லி யாரையும் குறை சொல்ற தகுதி எனக்கு இல்லை. நானே எத்தனை ஓபி சீட்டில் 'கூலி'ன்னு எழுதிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்! மேலே ஃபூட் பற்றிச் சொன்னேனே, அதேதான். மனசில் பேர் இல்லாட்டி, கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

28/
இத்தாலியில் ராமஸ்ஸினின்னு ஒரு மருத்துவர். 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். கல் தச்சர்களின் நுரையீரல் பற்றியும் அதில் உண்டு. நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒண்ணையும் சேர்த்துக்கோங்கன்னு சொன்னார்: "நீ என்ன வேலை செய்கிறாய்?" 300 வருஷம் ஆச்சு. இன்னும் நாங்க முழுசாக் கத்துக்கலை.

29/
இந்தியாவில் நாப்பிங் நின்னு போன வேலைன்னும் நினைக்காதீங்க. குஜராத்தின் கம்பாத் ஊரில் அகேட் கற்களைத் தட்டி மணி செய்யும் தொழில் இன்னைக்கும் இருக்கு. சிந்துவெளி மணிகள் எப்படிச் செய்யப்பட்டதுன்னு புரிஞ்சுக்க ஆராய்ச்சியாளர்கள் போய் உட்கார்ந்து பார்த்தது இந்தக் கைவினைஞர்களைத்தான். அதே கம்பாத்தில் அகேட் தீட்டுறவங்களுக்கு சிலிக்கோசிஸ். மத்தியப் பிரதேசம் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவங்களுக்கும் அதே கதி. நாம 'அ, ஆ' எழுதின குச்சி மாதிரியான ஒரு குச்சிதான்.

30/
நம்ம பக்கத்துக்கு வருவோம். கல் குவாரி, கிரஷர், எம்-சாண்ட், வார்ப்பாலை மணல் அச்சு, மணல் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் பண்றது, டைல்ஸ், கிரானைட் அறுக்கிறது. எல்லாத்திலும் சிலிக்கா உண்டு. புதுசா ஒண்ணும் சேர்ந்திருக்கு: மாடுலர் கிச்சனுக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை. சிலவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல சிலிக்கா. அதை அறுத்த இளைஞர்களுக்கு இந்த நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைக்கே தடை போட்டது. அம்மி போய் மிக்ஸி வந்தது, கல் மட்டும் மேடையா மாறி வீட்டுக்குள்ளேயே இருக்கு.

31/
இதைத் தடுக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். காய்ஞ்ச கல்லை அறுக்காம தண்ணி விட்டு அறுக்கணும். தூசி கிளம்புற இடத்திலேயே உறிஞ்சணும். துண்டு, கர்ச்சீப், துணி மாஸ்க் நுண்தூசியை நிறுத்தாது. அதுக்கான மாஸ்க்கை முதலாளி தரணும், அது முகத்தில் சரியா உட்காரணும். ஊதித் தூசி தட்டாம, ஈரத்தில் துடைக்கணும்.

32/
சட்டமும் புதுசு இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தூசியால் வரும் நுரையீரல் நோய் தொழில்நோயாகவே இருந்தது. ஆனா தெரிவிக்கணும்னா முதலில் பேர் வைக்கணும். 'டிபி'ன்னு எழுதினா மாத்திரை மட்டும் கிடைக்கும். 'சிலிக்கோசிஸ்'னு எழுதினாத்தான் இழப்பீடும், பக்கத்தில் நின்னு வேலை செய்றவனுக்கு எச்சரிக்கையும் கிடைக்கும்.

33/
உங்ககிட்ட கேட்கிறது ஒண்ணுதான். நீங்களோ, உங்க வீட்டில் யாராவதோ, கல், மணல், டைல்ஸ் சம்பந்தப்பட்ட வேலை செய்றீங்களா? எப்பவோ செய்து விட்டிருந்தாலும் சரி. இருமல், மூச்சு வாங்கல்னு டாக்டரிடம் போனா, அவர் கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க. "கூலி"ன்னு நிறுத்தாதீங்க. என்ன வேலை, எத்தனை வருஷம், எவ்வளவு தூசி, மூணும் சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியம் பல டெஸ்டை விட மதிப்பு.

34/
வடக்குப்பட்டில் கல் செதுக்கினவனோட சில்லு 12,000 வருஷம் கழிச்சும் நம்ம கையில் கிடைக்குது. அவனோட நுரையீரல் கிடைக்காது. கல் மிஞ்சும், மூச்சு மிஞ்சாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னைக்கும் யாரோ கல் உடைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்க மூச்சைக் காப்பாத்துறது இப்போ நம்ம கையில் இருக்கு.

35/
இனிமே ஒரகடம் ரோட்டில் கிரஷர் லாரி ஒண்ணு உங்களைக் கடந்து போனா, அந்த 'கே' எழுத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. குவாரியில், கிரஷரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தா இந்த இழையை அவருக்கு அனுப்புங்க. எழுதப் படிக்கத் தெரியாதவரா இருந்தா, பக்கத்தில் உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுங்க.